வாய் பேசாத வழிகாட்டி தேவை

இன்ஸாஃப் சுற்றுலா வழிகாட்டி உரிமம் வாங்கி வந்த அன்று அவளுடைய பெரியப்பா வீட்டுக்கு வந்து சண்டை போட்டார். ஒரு பெண்பிள்ளை, அதுவும் நைலுக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிறந்தவள், வெளிநாட்டு ஆண்களோடு வெயிலில் நின்று கையை ஆட்டிப் பேசுவதா என்பது அவருடைய கேள்வி.

"குடும்பத்து மூஞ்சியில கரி பூசிட்டா உம் பொண்ணு!" என்று கத்தினார்.

இன்ஸாஃபின் அப்பா தய்யிப் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அகழ்வாராய்ச்சிக்காரர்களிடம் கூடை சுமக்கிற வேலை. தலைமுதல் கால்வரை புழுதி. "கரியோ மண்ணோ, முப்பது வருசமா எம் மூஞ்சியில இருக்கறதுதானே அண்ணே. உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா அந்தா தொட்டியில தண்ணி இருக்கு, கழுவிக்கிட்டுப் போங்க" என்றார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு பெரியப்பா இரண்டு வருடம் பேசவில்லை. இன்ஸாஃப் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. படகோட்டி குதுபைக் கல்யாணம் செய்துகொண்டாள். லக்ஸர் நகரத்துக்கும் மேற்குக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற மோட்டார் படகு அவனுடையது. "நான் ஆத்துல நின்னு கத்துறேன், அவ மலையில நின்னு கத்துறா. அதனால வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது" என்று குதுப் தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். உண்மையும் அதுதான்.

பதினேழு வருடம் அவள் அந்த மலையில் நின்று பேசினாள். மன்னர் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கல்லறையும் அவளுக்கு அடுத்த வீடு மாதிரி. எந்தப் படியில் கிழவர்கள் தடுமாறுவார்கள், எந்த மணிக்கு எந்த நிழல் எந்தப் பெஞ்சில் விழும், எந்தக் காவலர் சீக்கிரம் கோபப்படுவார், எல்லாம் அத்துப்படி. நாட்டில் கலவரம் வந்து வெளிநாட்டார் வரத்து நின்றுபோன வருடங்களில் அவள் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். கூட்டம் மறுபடி மெல்ல வர ஆரம்பித்தபோது, பழைய வழிகாட்டிகளில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இவள் தன் வெள்ளைத் தொப்பியைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

அந்தக் குளிர்காலத்தில், நவம்பர் மாதத்தில் ஒரு மதியம், சுற்றுலா நிறுவனம் வைத்திருந்த முனீர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம் இன்ஸாஃப், நாளைக்கு ரொம்ப லேசான வேலை. பதினாலு பேரு. அவங்க தலைவரே எல்லாம் பேசிடுவாரு. நீங்க கூட இருந்தாப் போதும்."

"சும்மா கூட இருக்கறதுக்கு நான் எதுக்கு? ஒரு நாற்காலியை அனுப்புங்க."

"நாற்காலிக்கு லைசென்ஸ் கிடையாதே, மேடம்."

அதுதான் விஷயம். உரிமம் வாங்கிய எகிப்திய வழிகாட்டி இல்லாமல் ஒரு குழுவைக் கோயிலுக்கும் கல்லறைக்கும் கூட்டிப் போகக் கூடாது என்பது சட்டம். விளக்கம் சொல்கிற உரிமையும் அந்த வழிகாட்டிக்கு மட்டும்தான். முனீருக்கு வேண்டியிருந்தது அவள் கழுத்தில் தொங்கும் அட்டை மட்டுமே.

"அப்படி என்னதான் பேசுவாரு அவரு?" என்று கேட்டாள்.

முனீர் கொஞ்சம் இழுத்தார். "அது வந்து... இதையெல்லாம் கட்டினது நம்ம ஆளுங்க இல்லையாம். நட்சத்திரத்துலேருந்து யாரோ வந்து கட்டிட்டுப் போனாங்களாம். அவங்க நம்பிக்கை. நமக்கென்ன? குளிர்காலம் முழுக்க மாசத்துக்கு ஒரு கூட்டம் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஒரே ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

வேலையை மறுத்துவிடலாமா என்று அவள் யோசித்தாள். மறுத்தால் வேறு யாராவது போய் நிற்பார்கள். அந்தப் பேச்சைத் தன் காதாலேயே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. "சரி, வர்றேன்" என்றாள். பேசமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. முனீரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே சிறு பேருந்து படகுத்துறையில் நின்றது. ஓட்டுநர் ஷாஸுலி அவளுக்குப் பத்து வருடப் பழக்கம்; ஆசிரியை என்ற மரியாதையோடு 'உஸ்தாஸா' என்றுதான் கூப்பிடுவார். அவித்த மொச்சையை ரொட்டிக்குள் வைத்து ஒரு கையில் தின்றுகொண்டே, "வாங்க உஸ்தாஸா. இன்னைக்கு உங்க வாய்க்கு லீவாமே?" என்றார்.

"யாரு சொன்னது, அண்ணே?"

"முனீர் ஐயா ராத்திரி போன் பண்ணி என்கிட்டயும் சொன்னாரு. அந்தம்மா பேச ஆரம்பிச்சா ஹார்ன் அடிச்சிருன்னாரு."

"அடிப்பீங்களா?"

"வண்டி பழசு உஸ்தாஸா. ஹார்ன் பல நேரம் வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு ஷாஸுலி மீதி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

பதினாலு பேரும் வந்தார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய தலைவர் டெரிக் உயரமானவர், மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பருத்தி உடை. கையில் இரண்டு செப்புக் கம்பிகள். மரியாதை தெரிந்த மனிதர். இன்ஸாஃபுக்குக் கைகொடுத்து, "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி. எங்க ஆளுங்களுக்கு ரொம்பத் தகவல் சொன்னா மனசு கலைஞ்சிடும். அதனாலதான் இந்த ஏற்பாடு" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

முதல் நிறுத்தம் மெம்னான் சிலைகள். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பிரம்மாண்டமான கல் மனிதர்கள் உட்கார்ந்திருக்க, மலைக்கு மேலே வெப்பக்காற்று பலூன்கள் மிதந்தன. டெரிக் கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிலைகளைச் சுற்றி நடந்தார். கம்பிகள் ஒன்றோடொன்று குறுக்கே விழுந்ததும் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள்.

"இவை சிலைகளே இல்லை" என்றார் டெரிக். "வானத்திலேருந்து வர்ற ஒலியை வாங்கற கருவி."

ஷாஸுலி பின்னால் வந்து நின்று அரபியில் கிசுகிசுத்தார். "என்ன சொல்றாரு?"

"இது ரேடியோவாம்."

"எந்த ஸ்டேஷன் எடுக்குதாம்?"

இன்ஸாஃப் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே அவள் பேசவில்லை. சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டிருந்தது.

மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள்ளே வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது. வெளியே நிழல் பந்தலில் சொல்லி முடித்துவிட்டு ஆட்களை உள்ளே அனுப்ப வேண்டும். பந்தலில் டெரிக் அரைமணி நேரம் பேசினார். கல்லறைக் கூரைகளில் புகைக்கரி இல்லை, அதனால் அந்தக் காலத்தில் மின்விளக்கு இருந்திருக்கிறது என்றார். இவ்வளவு நேரான சுவரைச் செப்பு உளியால் மனிதனால் வெட்ட முடியாது என்றார். இன்ஸாஃப் பந்தலின் ஓரத்தில் நின்று நுழைவுச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனையும் கேட்டாள். விளக்குத் திரிகள் எத்தனை தந்தோம் என்று அக்காலத்து எழுத்தர்களே எழுதிவைத்த கற்சில்லுகள் கிடைத்திருக்கின்றன. அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

குழுவில் புருனோ என்று ஒருவர் இருந்தார். நாற்பது வருடம் வீடுகளுக்குத் தரை ஓடு பதித்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் ஒரு கோலை ஊன்றி நடந்தார். மனைவி டக்மர்தான் இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டவள். அவர் துணைக்கு வந்தவர். மற்றவர்கள் கல்லறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபோது அவர் மட்டும் சுவரின் மூலைகளில் விரலளவு தூரத்துக்கு மூக்கை வைத்துப் பார்த்தார். காவலர் இரண்டு முறை விசிலடித்தார்.

வெளியே வந்ததும் புருனோ டெரிக்கிடம் நேராகப் போனார்.

"உள்ளே கடைசி அறையில சுவரை முடிக்காம விட்டுருக்காங்க. சிவப்புக் கோட்டுல வரைஞ்சிருக்கு. ஒரு கால் தப்பாப் போயிருக்கு. அதுக்கு மேல கறுப்புக் கோட்டுல திருத்தியிருக்காங்க. திருத்தினது யாரு? நட்சத்திரத்து ஆளுங்களும் தப்பு பண்ணுவாங்களா?"

"அது பிற்காலத்துல வந்தவங்க கிறுக்கினது" என்றார் டெரிக்.

"கிறுக்கல் இல்லைங்க அது. வேலை தெரிஞ்சவன் போட்ட கோடு."

டக்மர் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டெரிக்கின் முகம் சற்றுச் சிவந்தது. அவர் திரும்பிப் பக்கத்துச் சரிவைப் பார்த்தார். அங்கே ஓர் அகழ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தலைப்பாகையும் நீள அங்கியுமாக இருபது முப்பது பேர் வரிசையில் நின்று, கற்பொடி நிறைந்த ரப்பர் கூடைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாட்டெடுக்க மற்றவர்கள் பின்பாட்டு.

"அந்தா பாருங்க" என்று டெரிக் கையை நீட்டினார். "ரப்பர் கூடை. இத்தனை ஆயிரம் வருசத்துக்கு அப்புறமும் இவங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இவங்க முப்பாட்டனுங்களா இதைக் கட்டினாங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்தவர்கள் அல்ல, தலைவர் சொன்னதற்குச் சிரித்தவர்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் சரிவுவரை கேட்டது. கூடைக்காரர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், வெளிநாட்டார் தங்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூடையை இறக்கிவைத்துவிட்டு இவர்களுக்குக் கையசைத்தார். "வெல்கம்! வெல்கம்!" என்று உரக்கக் கூவினார்.

இன்ஸாஃபுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்தலின் ஓரத்திலிருந்து நடந்து வந்து டெரிக்குக்கும் குழுவுக்கும் நடுவில் நின்றாள்.

"எங்க அப்பாவும் இந்தக் கூடைதான் சுமந்தாரு" என்றாள் ஆங்கிலத்தில். பதினேழு வருடம் மலைக்காற்றை எதிர்த்துப் பேசிய குரல். அடுத்த பந்தலில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க இப்ப பார்த்துட்டு வந்தீங்களே, அந்த மாதிரிக் கல்லறைங்க கூரை வரைக்கும் மண்ணும் கல்லுமா மூடிக் கிடந்துச்சு. அதைக் கூடை கூடையா வெளியே எடுத்தது இவங்களும் இவங்க அப்பனுங்களும்தான். இவங்க எடுக்கலைன்னா உங்க நட்சத்திரக்காரங்க வீட்டை நீங்க பார்த்திருக்கவே முடியாது."

"மேடம், நம்ம ஏற்பாடு—" என்றார் டெரிக்.

"உங்க ஏற்பாடு முனீரோட. என்னோட இல்லை."

டெரிக் பொறுமையாகக் கைத்தொலைபேசியை எடுத்து முனீரை அழைத்தார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு அவளிடம் நீட்டினார். முனீரின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"மேடம், என்ன பண்றீங்க நீங்க? என்ன சொன்னேன் நான்?"

"நாற்காலி பேசிருச்சு, முனீர் சார்."

"விளையாடாதீங்க! உடனே அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லைன்னா இந்தக் குளிர்காலத்துக்கு என்கிட்ட வேலை கிடையாது."

"சட்டப்படி இங்க விளக்கம் சொல்ல வேண்டியவ நான். காலையிலேருந்து அவர் விளக்கம் சொன்னதே தப்பு. வாசல்ல இருக்கிற போலீஸ்காரரைக் கூப்பிட எனக்கு ஒரு நிமிசம் போதும். கூப்பிடலை. நான் கேக்கறது எனக்கு ஒரு மணி நேரம். அவர் மூணு மணி நேரம் பேசிட்டாரு."

முனீர் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை டெரிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு குழுவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இங்கேருந்து ஹத்ஷெப்சூத் கோயிலுக்குப் போகணும், அங்க தியானம். அது உங்க திட்டம். போலாம். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இன்னொரு இடம் காட்டறேன். இந்தக் கல்லறைங்களை வெட்டினவங்க குடியிருந்த ஊரு. வீடு இருக்கு, தெரு இருக்கு, அவங்க பேரும் இருக்கு. வர விருப்பம் இருக்கறவங்க வாங்க. இல்லாதவங்க வண்டியில ஏசி போட்டு உக்காந்திருக்கலாம்."

புருனோ கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "நான் வர்றேன்" என்றார்.

வண்டியில் ஏறும்போது டெரிக் ஷாஸுலியிடம், "நேரா ஹத்ஷெப்சூத் கோயிலுக்குப் போ" என்றார். ஷாஸுலிக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு மறந்துபோனது. "யெஸ் சார், யெஸ் சார்" என்று பல்லைக் காட்டிவிட்டுச் சீட்டு வாங்குகிற அலுவலகத்துக்கு வண்டியைத் திருப்பினார். இன்ஸாஃப் தன் கைக்காசிலேயே சீட்டு வாங்கினாள். அவள் சொன்ன ஊரான தேர் எல்-மதீனாவுக்கு இறங்கும் சரிவில் வண்டி நின்றபோது ஏழு பேர் இறங்கினார்கள். டெரிக்கும் மற்றவர்களும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். டக்மர் கணவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர் எல்-மதீனா இரண்டு குன்றுகளுக்கு நடுவே கிடக்கிறது. ஒரே ஒரு குறுகிய தெரு. இருபுறமும் இடுப்பளவு கற்சுவர்கள். வாசல், முன்னறை, படுக்குமிடம், பின்னால் அடுப்படி. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. புருனோ ஒரு வீட்டு வாசலில் நின்று கோலால் அளந்து பார்த்தார்.

"நான் கல்யாணம் பண்ணினப்ப இருந்த வீடு இதைவிடச் சின்னது" என்றார்.

இன்ஸாஃப் தெருவின் நடுவில் நின்று சொல்லத் தொடங்கினாள். தேதிகளை அடுக்கவில்லை, மன்னர் பெயர்களைச் சொல்லவில்லை. இந்த ஊரிலிருந்து தினமும் மலைமேல் நடந்து போய் அந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் வேலைக்கு வராத நாட்களை எழுதிவைத்த ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் கிடைத்திருக்கிறது. பெயர், தேதி, வராத காரணம் எல்லாம் அதில் இருக்கிறது. காரணத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

"ஸெபான்னு ஒருத்தன். தேள் கொட்டிருச்சு, வரலை. இன்னொருத்தனுக்குக் கண்வலி. ஒருத்தன் செத்துப்போன அம்மா உடம்புக்குத் துணி சுத்தப் போயிட்டான். ஒருத்தன் வீட்டுல பீர் காய்ச்சிக்கிட்டிருந்திருக்கான். ஒருத்தன் கூட்டாளியோட குடிச்சிக்கிட்டிருந்திருக்கான், அதையும் எழுதி வச்சிருக்காங்க."

"அதே காரணத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தா முதலாளி துரத்தியிருப்பான்" என்றார் புருனோ. ஏழு பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"இவங்களுக்குக் கூலி தானியமாத்தான் வரும்" என்று இன்ஸாஃப் தொடர்ந்தாள். "மூணாம் ராம்சேஸ் காலத்துல ஒரு தடவை அது வரலை. நாள் போய்க்கிட்டே இருந்துச்சு. பிள்ளைங்களுக்குப் போட ரொட்டி இல்லை. என்ன பண்ணினாங்க தெரியுமா? கருவியைக் கீழே போட்டாங்க. மதில் காவலைத் தாண்டி நேரா இறங்கிப் போய் ஒரு கோயிலுக்குப் பின்னாடி உக்காந்துட்டாங்க. அதிகாரிங்க வந்து ஆணையிட்டாங்க, கெஞ்சினாங்க, எழுந்திருக்கலை. 'பசியும் தாகமும் எங்களை இங்க கொண்டு வந்துச்சு. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. போய் மன்னர்கிட்டச் சொல்லு'ன்னாங்க. மன்னர்னா கடவுள்னு இருந்த காலம் அது. அந்தக் கடவுள்கிட்டப் போய், சோறு போடாட்டி உன் கல்லறை அப்படியே கிடக்கும்னு சொல்லியிருக்காங்க. ஒரு எழுத்தன் உக்காந்து அத்தனையும் எழுதி வச்சிருக்கான். தானியமும் வந்துச்சு."

மேலே சரிவில் டக்மர் நிற்பது தெரிந்தது. எப்போது வண்டியை விட்டு இறங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உங்க மேல கோபம்" என்றாள் டக்மர், இன்ஸாஃபிடம் நேராக. "எங்க பையன் போன வருசம் போயிட்டான். மேல எங்கேயோ யாரோ இருக்காங்கன்னு நம்பறதுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒரு பத்து நாள் நம்பிட்டுப் போறேனே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

புருனோ தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸாஃபின் எதிர்ப்பேச்சு எல்லாம் டெரிக்கோடுதான் இருந்தது. இந்தப் பெண்ணிடம் சண்டை போட அவளிடம் எதுவுமில்லை.

"மேல இருக்கறவங்களை நம்புங்கம்மா, அதை நான் பறிக்கலை" என்றாள் மெதுவாக. "எங்க ஆளுங்க பேரைப் பறிச்சுத்தான் அதை நம்பணும்னா, அதுக்கு மட்டும் நான் விடமாட்டேன். வாங்க, ஒண்ணு காட்டறேன்."

படிகள் செங்குத்தாக இறங்குகிற ஒரு சின்னக் கல்லறை அது. ஸென்னெஜெம் என்ற கைவினைஞன் தன் குடும்பத்துக்காகக் கட்டியது. அங்கேயும் உள்ளே பேசக் கூடாது. டக்மர் குனிந்து உள்ளே போனாள். மன்னர் கல்லறையில் கால்பங்குகூட இல்லாத அறை. மஞ்சள் நிறம் நேற்றுப் பூசியதுபோல இருந்தது. ஒரு சுவரில் கணவன் உழுகிறான், மனைவி பின்னால் விதைத்துக்கொண்டே வருகிறாள். இருவருக்கும் நல்ல வெள்ளைத் துணி. செத்த பிறகு இப்படி இருப்போம் என்று அவர்களே வரைந்துகொண்டது. டக்மர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது அழுதிருந்தாள். கோபம் தணிந்ததா என்று சொல்ல முடியவில்லை. புருனோவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

ஹத்ஷெப்சூத் கோயிலில் தியானம் நடந்தது. பத்துப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். நாலு பேர் இன்ஸாஃபோடு தூண்களுக்கு நடுவே நடந்தார்கள். டெரிக் மாலைவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படகுத்துறையில் இறங்கும்போது மட்டும், "நீங்க எங்க பயணத்தைக் கெடுத்துட்டீங்க" என்றார்.

"நீங்க எங்க அப்பாவைப் பார்த்துச் சிரிச்சீங்க" என்றாள் அவள்.

அன்று வீட்டில் குதுப் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இனி முனீர் கூப்பிடமாட்டான்" என்றான்.

"தெரியும்."

"வேலையை விட்டுட்டு வந்த மூஞ்சி மாதிரி இல்லையே?"

"பசிக்குது. மீனைத் திருப்பு, கருகுது."

மூன்றாம் நாள் முனீர் அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். தேநீர் வந்தது, நாலு கரண்டி சர்க்கரையோடு. ஒரு கடிதத்தை அவள் முன்னால் தள்ளினார். டெரிக்குக்கு அவள் எழுதுவதுபோல அவரே ஆங்கிலத்தில் தயார் செய்த மன்னிப்புக் கடிதம். என் அறியாமைக்கும் முறையற்ற நடத்தைக்கும் வருந்துகிறேன் என்று இருந்தது.

"ஒரு கையெழுத்து, மேடம். அவ்வளவுதான். எல்லாம் பழையபடி ஆயிடும். நான் உங்களுக்கு எதிரி இல்லை. எனக்கும் ஆபீஸ்ல ஒன்பது பேரு இருக்காங்க."

அவர் சொன்னது பொய்யில்லை என்பது இன்ஸாஃபுக்குத் தெரியும். வருமானம் இல்லாத வருடங்களில் அவர் தன் காரை விற்று ஆட்களை வைத்திருந்ததையும் அவள் அறிவாள். கடிதத்தைக் கவனமாகப் படித்தாள். மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். 'அறியாமை' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் பிறகு அந்த வாக்கியத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்பதால் வாக்கியத்தையும் அடித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"இங்கிலீஷ் சரியாயிருச்சு. கையெழுத்து மட்டும் கிடையாது" என்றாள். தேநீரை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தக் குளிர்காலம் சுலபமாக இல்லை. முனீர் சொல்லாமலேயே மற்ற நிறுவனங்களுக்கும் செய்தி போயிருந்தது. வாய்க்கொழுப்புப் பிடித்தவள் என்ற பேச்சு சுற்றுலாத் துறை முழுக்க ஓடியது. பெரியப்பாகூட, 'அன்னைக்கே சொன்னேன்' என்று யார் மூலமோ சொல்லியனுப்பினார். "சொன்னீங்களே, நல்ல ஞாபக சக்தி" என்று அவரிடமே திருப்பிச் சொல்லச் சொன்னாள். தனியாக வருகிற ஒருவர் இருவருக்கு, ஜோடிகளுக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டினாள். யார் வந்தாலும் காலையில் முதலில் கூலிக்காரர்களின் ஊருக்கு அழைத்துப் போனாள். மன்னர்களெல்லாம் அதற்குப் பிறகுதான். சில பேர் முகம் சுளித்தார்கள். அவள் மாற்றவில்லை.

மார்ச்சில் முனீர் கூப்பிட்டார். குரலில் தேன் சொட்டியது.

"மேடம், அக்டோபருக்கு ஒரு கூட்டம். இருபத்திரண்டு பேரு. அந்த ஓடு பதிக்கிற புருனோ, அவர் ஊர்க் கொத்தனாருங்க சங்கத்துல சொல்லி அனுப்பறாரு. நீங்கதான் வேணுமாம். பேரைப் போட்டே எழுதியிருக்காங்க."

"வர்றேன். ரெண்டு விஷயம். நான் நிக்கற இடத்துல வேற யாரும் விளக்கம் சொல்லக் கூடாது."

"சரி, சரி. அது யாரு வேணாம்னா?"

"ரெண்டாவது, டெரிக்கோட கூட்டத்துக்கு இனி யாரையும் வாய் மூடி நிக்க அனுப்பக் கூடாது. என்னை மட்டும் சொல்லலை. யாரையுமே."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "மேடம், அது வேற வியாபாரம். அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடறீங்க? வாஸிஃப் போறாரு. அவருக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

வாஸிஃப் முப்பது வருட அனுபவம் உள்ள வழிகாட்டி. மூன்று பெண்பிள்ளைகள். போன மாதம் டிக்கெட் ஜன்னல் பக்கத்தில், டெரிக்கின் குழுவுக்குப் பின்னால் தரையைப் பார்த்து நின்ற அவரை இன்ஸாஃப் பார்த்திருந்தாள். வணக்கம் சொன்னாள். அவர் பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அவருக்குக் கஷ்டமிருக்கு. உங்ககிட்டச் சொல்லமாட்டாரு" என்றாள். "வேற யாரையாவது பாருங்க, முனீர் சார்."

புருனோவுக்கு அவளே எழுதினாள். முனீரிடம் வேலை செய்ய முடியாது என்பதை மட்டும் சொன்னாள், ஏன் என்று விளக்கவில்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது. நிறுவனத்தை அவர்களே மாற்றிக்கொண்டார்கள். நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் கணவனும் மனைவியுமாக நடத்துகிற மிகச் சிறிய நிறுவனம். ஷாஸுலி தன் பழைய வண்டியோடு அவர்களிடம் சேர்ந்துகொண்டார்.

அக்டோபரில் இருபத்திரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். புருனோவால் வர முடியவில்லை, முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவர்கள் கடவுள்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. சாந்தில் என்ன கலந்தார்கள், நூல் பிடித்தது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை முழம் வெட்டுவார்கள் என்று துளைத்தார்கள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை, "தெரியாது, யாருக்கும் தெரியாது" என்றாள். ஆனால் ஒன்று. எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் அவர்களில் ஒருவராலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. சுவரைக் கண்டால் தடவிப் பார்க்கிற தொழில் அது. ஸென்னெஜெமின் கல்லறைக் காவலர் விசிலடித்து விசிலடித்து ஓய்ந்துபோய் வெளியே வந்து, "உஸ்தாஸா, உங்க ஆளுங்களை நீங்களே வந்து அடக்குங்க!" என்று கத்தினார்.

இன்ஸாஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அதட்டுவதற்கு விரலை உயர்த்தி, செங்குத்தான படிகளில் இறங்கிப் போனாள்.